ஆறு கண்ணாடிக் காலம்

உலகத்தில் உடைந்து போகிற மூக்குக்கண்ணாடிகளில் முக்கால்வாசியின் மேல் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். மீதியைக் குழந்தை பிடித்து இழுத்துவிட்டது. ரிப்பேருக்கு வருகிறவர்கள் சொல்வதை நம்பினால் இப்படித்தான் நம்ப வேண்டியிருக்கும். குடித்துவிட்டு விழுந்தேன், கோபத்தில் நானே சுவரில் எறிந்தேன் என்று ஒரு மனுஷன் இதுவரை வாய் திறந்து சொன்னதில்லை.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கடையில் குனிந்தே உட்கார்ந்திருக்கிறவருக்கு இது அத்துப்படி. தெரு அவரைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடும். வாங்கிப் பார்த்ததுமே மனசுக்குள் சொல்லிவிடுவார். மேலே உட்கார்ந்திருந்தால் கண்ணாடியின் இரண்டு கையும் தவளைக் கால் மாதிரி விரிந்திருக்கும். குழந்தை இழுத்திருந்தால் மூக்குக் குமிழ் கோணியிருக்கும். பஸ் நெரிசல் என்றால் நடுப்பாலம் வளையும். இடது கை மட்டும் உள்பக்கம் மடங்கி, கீலின் திருகாணி பாதி வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தால், அது எதிரே நின்ற ஒருவரின் வலது உள்ளங்கை.

அப்படி வருகிற கண்ணாடிகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. "மேல உட்கார்ந்துட்டேங்க" என்பார்கள். "அப்படியா" என்று சொல்லி, சூடான மணல் தட்டில் ஃபிரேமைப் புதைத்து எடுத்து, நிமிர்த்தித் துடைத்துக் கொடுத்துவிடுவார். எப்படி உடைந்தது என்று கேட்கக் கூடாது. அது தொழில் மரியாதை. மரியாதை என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

கடையின் பின்பாதியில், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், லென்ஸ் தேய்க்கிற மோட்டாரோடு 'சாணை' இருப்பார். நாள் முழுக்க மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகி, மோட்டார் நின்றாலும் கத்தித்தான் பேசுவார். அவரிடம் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவிலிருந்து பதில் வரும்.

கண்ணாடிக்கு ஒரே தங்கை. ஒன்பது வயசு இளையவள். முப்பத்தினாலு வயசாகியும் வீட்டில் அவள் 'பாப்பா'தான். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். பவர் அதிகம், கண்ணாடி இல்லாவிட்டால் ஊசிக்கு நூலும் தெரியாது, எதிரே நிற்கிறவர் முகமும் தெரியாது. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவளுடைய கண்ணாடி ஆறு தடவை ரிப்பேருக்கு வந்தது. ஆறு தடவையும் இடது கீல்.

"மேல உட்கார்ந்துட்டேண்ணா."

"சரிம்மா."

உடைந்த கையையும் கீலையும் தூக்கிப்போட மாட்டார் கண்ணாடி. ஏதாவது ஒன்றுக்கு ஆகும் என்று காகிதக் கவரில் போட்டு, மேலே பெயரும் தேதியும் எழுதி இழுப்பறையில் வைப்பார். பாப்பாவின் பெயரில் ஆறு கவர் சேர்ந்தது.

அதற்காக அவர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். புது மாதிரி ஃபிரேம் ஒன்று வந்திருந்தது. விற்க வந்தவன் அதை விரலைச் சுற்றி முறுக்கிக் காட்டிக் கையை எடுத்தான். அடுத்த நொடியில் ஒன்றுமே நடக்காத மாதிரி நேராக நின்றது. கண்ணாடி அதை வாங்கி, உடையாத பிளாஸ்டிக் லென்ஸ் போட்டு, மூக்கு கன்றிப்போகாமல் இருக்கப் பஞ்சு போன்ற குமிழ் பொருத்தி, தங்கைக்குக் கொடுத்தார். அதற்கப்புறம் எட்டு மாசம் ஒரு பழுது வரவில்லை.

"மாப்பிள்ளை திருந்திட்டாரு போல," என்றார் மனைவியிடம், சாப்பிட்டுக்கொண்டே. அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். சட்டையைப் பார்த்ததுமே போட்டவன் குணத்தைச் சொல்லிவிடுவாள்.

"கண்ணாடி சொல்லுச்சா, பாப்பா சொன்னாளா?" என்றாள்.

அவர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

அந்த மாப்பிள்ளைக்கு ஊரில் பெயர் 'மைக்செட்'. குடிநீர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போய்க் கேட்டால், தண்ணீரின் அருமை பற்றி அரைமணி நேரம் பேசி அனுப்புவார். தண்ணீர் வராது. குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வேறு யாரும் போட்டி போடவில்லை. போட்டியிட்டால் அதற்கும் அவரே உரை நிகழ்த்திவிடுவார் என்ற பயம்.

அந்த வருஷம் சங்கம், பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்க ஆண்களின் ஊர்வலம் நடத்துவதென்று முடிவு செய்தது. நல்ல விஷயம்தான். சங்கச் செயலாளர் சாணை போய்விட்டு வந்து கத்தினார்:

"மூணு மணி நேரம் கூட்டம்யா! ரெண்டு மணி நேரம் பேட்ஜ் என்ன கலர்னு சண்டை. பேனர்ல தலைவர் படம் பெருசா, எழுத்து பெருசான்னு அரைமணி நேரம். மீதி அரைமணி நேரம் டீ."

"பொம்பளைங்க யாரும் வரலையா?"

"வந்தாங்களே. டீ போட்டது யாரு?"

உறுதிமொழியை மைக்செட்டே எழுதினார். மேடையில் படிக்கத்தான் ஒரு சங்கடம். நாற்பத்திமூன்று வயசில் எழுத்து மங்க ஆரம்பித்திருந்தது. படிக்கிற கண்ணாடி ஒன்று மச்சான் கடையில் ஆர்டர் கொடுத்தார். "மேடைக்கு எடுப்பா இருக்கணும் மச்சான்."

ஊர்வலத்துக்கு மூன்று நாள் முன்னால், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை, பாப்பா கடைக்கு வந்தாள். குடையை மடக்கி வாசலில் சாய்த்தாள். அவள் போட்டிருந்த கண்ணாடியில் கீறல்கூட இல்லை.

"லூசா இருக்குண்ணா. இந்தப் பக்கம் நிக்க மாட்டேங்குது."

அவளை ஸ்டூலில் உட்கார வைத்துப் பார்த்தார். ஃபிரேம் நேராகத்தான் இருந்தது. அதன் குணமே அதுதானே. இடது காதுக்குப் பின்னால் விரலை வைத்தார். அவள் சட்டென்று தோளைக் குறுக்கினாள். காது வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"பாப்பா, வலிக்குதா?" என்று குனிந்து மெதுவாகக் கேட்டார்.

அவள் எதிரே சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாப்பா?"

மூன்றாவது தடவை கேட்டபோதுதான் திரும்பினாள். "ஏதாவது சொன்னியா? இந்தப் பக்கம் வந்து சொல்லுண்ணா. அந்தக் காது ரெண்டு நாளா கேக்கலை. உள்ள ஒரே கொசுச் சத்தம்."

கண்ணாடி அவள் முகத்திலிருந்த ஃபிரேமைக் கழற்றினார். கையில் திருப்பிப் பார்த்தார். எட்டு மாசமாக எத்தனை தடவை மடங்கி நிமிர்ந்ததோ, அதற்குத்தான் வெளிச்சம். ஒரு அடையாளம்கூட இல்லை. அவர் வாங்கிக் கொடுத்த கண்ணாடி, வாங்கிக் கொடுத்த வேலையை அப்பழுக்கில்லாமல் செய்திருந்தது.

மத்தியானத்துக்குக் கடையைச் சாணையிடம் விட்டுவிட்டு, தங்கையை வீட்டுக்குக் கூட்டிப்போனார். மனைவி ஒரு தடவை பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் வலது பக்கமாக வந்து உட்கார்ந்து, தட்டில் சோற்றைப் போட்டு, முட்டையை உரித்து வைத்தாள். பாப்பா சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போனதும் புருஷனிடம் சொன்னாள்:

"அடிக்குத் தாங்கற மாதிரி கண்ணாடி செஞ்சு குடுத்திருக்கீங்க. நல்ல வேலைக்காரர்தான் நீங்க."

அதில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் காது டாக்டர், சின்ன விளக்கை வைத்துப் பார்த்தார். "ஜவ்வுல ஓட்டை விழுந்திருக்கு. எப்படி ஆச்சு?"

"வழுக்கி விழு..." என்று ஆரம்பித்தாள் பாப்பா.

"அடி," என்றார் கண்ணாடி. "இவ வீட்டுக்காரர் அடிச்சது."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எத்தனை நாளா இது நடக்குது?"

"எனக்குத் தெரிஞ்சு ஆறு கண்ணாடிக் காலமா."

டாக்டருக்குப் புரியவில்லை. பாப்பாவுக்குப் புரிந்தது. அண்ணன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?" என்றாள், மிக மெதுவாக. "நீ நம்பிட்டேன்னுல்ல நான் நினைச்சிருந்தேன்."

வரும் வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. ஒரே குடை. அவர் இடது பக்கம் நடந்தார். பிறகு நினைவு வந்து வலது பக்கம் மாறினார்.

"நீ தெரிஞ்சுக்கிட்டுத்தான் நிமிர்த்திக் குடுத்தியா?"

"ஆமாம்மா."

"ஏண்ணா கேக்கலை?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயம். சொல்லிட்டா நான் ஏதாவது செய்யணுமே."

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், சாலையைக் கடக்கும்போது சின்ன வயசில் பிடிக்கிற மாதிரி.

"ஓரமா வா, நனையறே," என்றாள். "நான் அங்க போகலைண்ணா. மெஷினும் துணியும் மட்டும் எடுத்துட்டு வரணும். யாராவது ஏன்னு கேட்டா உள்ளதைச் சொல்லு. மேல உட்கார்ந்தேன், வழுக்கி விழுந்தேன்னு சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு."

ஊர்வலத்துக்கு முந்தின நாள் மதியம் மைக்செட் கடைக்கு வந்தார். சட்டையில் ஏற்கெனவே பேட்ஜ் ஏறியிருந்தது. ஊதா நிறம்.

"என்ன மச்சான், பாப்பா ரெண்டு நாளா உங்க வீட்லயே டேரா? காது வலின்னு சொன்னா. கண்ணாடி ரெடியா?"

கண்ணாடி புதுக் கண்ணாடியை எடுத்து அவர் முகத்தில் மாட்டினார். பொருத்தம் பார்க்க இரண்டு காதுக்குப் பின்னாலும் விரலை விட்டு நீவ வேண்டும். நீவினார். மாப்பிள்ளையின் இரண்டு காதும் அவர் கைக்குள் இருந்தன. காது என்பது எவ்வளவு மிருதுவான சாமான்! இத்தனை வருஷம் எத்தனை ஆயிரம் காதுகளைத் தொட்டிருக்கிறார். ஒன்றுகூட இவர் கையில் வலித்ததில்லை.

"படிச்சுப் பாருங்க மாப்ளே."

மைக்செட் பையிலிருந்து உறுதிமொழியை எடுத்து, கடைக்குள்ளேயே மேடைக்குரலை வரவழைத்தார். "எந்தப் பெண்ணின் மீதும் கை ஓங்க மாட்டேன்! ஓங்குவதைக் கண்டால் வாய்மூடி இருக்க மாட்டேன்! ஆகா, முத்து முத்தா தெரியுது மச்சான்!"

கண்ணாடி இழுப்பறையைத் திறந்தார். ஆறு கவரையும் எடுத்து, துடைக்கிற துணியின் மேல் ஒவ்வொன்றாகக் கொட்டினார். ஆறு இடது கை. ஆறு கீல். ஒரு திருகாணி உருண்டு கீழே விழுந்தது.

"முதல் வரி உங்களுக்கு மாப்ளே. ரெண்டாவது வரி எனக்கு. அஞ்சு வருஷமா கண்டேன், வாய்மூடி இருந்தேன்."

"என்ன மச்சான் இது, மேல உட்கார்ந்து..."

"உட்கார்ந்தா ரெண்டு கையும் விரியும். இது வேற."

மைக்செட் வாசலைப் பார்த்தார். குரலை இறக்கினார். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்."

"ஆயிரம் இருக்கட்டும். காது ரெண்டுதான் இருக்கு. ஒண்ணுல ஓட்டை."

பின்பக்கம் மோட்டார் நின்றது. வேலை நேரத்தில் அது நின்று யாரும் கேட்டதில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் சாணை வந்து நின்றார். அவர் மெதுவாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"எனக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் உடைஞ்ச லென்ஸுக்குப் பதில் புதுசு வெட்டினது நான்தானே. அண்ணன்காரனே சும்மா இருக்கான், நமக்கென்னன்னு இருந்துட்டேன். அந்த ரெண்டாவது வரியில எனக்கும் பங்கு இருக்கு தலைவரே." தன் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றி, கீல்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நாளைக்கு ஊர்வலத்தை வச்சுக்கிட்டு..." என்றார் மைக்செட். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை. "அவளை அனுப்பி வைங்க. பேசிக்கலாம்."

"வரமாட்டா. பேசறதா இருந்தா அவ கூப்பிடுவா. அதுவரைக்கும் நீங்க வீட்டுப் பக்கம் வர வேணாம். நாளைக்குக் காலைல நாங்க வந்து அவ சாமானை எடுத்துக்கறோம்."

மைக்செட் எழுந்து போனார். படிக்கிற கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டார். அதைப் போட்டால் கிட்டே இருப்பதுதான் தெரியும். வாசல் படி எங்கே முடிகிறது என்று தெரியாமல், காலால் தடவித் தடவி இறங்கினார். பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்தாலும் கண்ணாடி எழுந்து போய்க் கையைப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை, பூட்டியிருந்த வீட்டைப் பாப்பாவின் சாவியால் திறந்து, கண்ணாடியும் சாணையும் தையல் மெஷினைத் தூக்கினார்கள். இரும்புக் காலோடு இருக்கிற பழைய மெஷின். பாப்பா துணி மூட்டையும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். பத்தடிக்கு ஒரு தடவை இறக்கி வைக்க வேண்டியிருந்தது. நாலாவது தடவை இறக்கி வைத்தது, சரியாக ஊர்வலம் வந்து திரும்புகிற முனையில்.

இருநூறு ஆண்கள். இருநூறு ஊதா பேட்ஜ். பேனரில் மைக்செட்டின் படம் பெரிதாகவும் எழுத்து சிறிதாகவும் இருந்தது. அசல் மைக்செட் மைதானத்து மேடையில் காத்துக்கொண்டிருந்தார்.

"யோவ் செயலாளர்! ஊர்வலத்துக்கு வராம மெஷினைத் தூக்கிட்டு எங்க போறே? வழியை விடு!" என்றார் முன்வரிசையிலிருந்த ரொட்டிக் கடைக்காரர்.

சாணை கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடி தங்கையைப் பார்த்தார். பாப்பா தலையை ஆட்டினாள்.

சாணை வாயைத் திறந்தார். கடவுள் அவருக்கு அந்தக் குரலைக் கொடுத்தது இதற்காகத்தானோ என்னமோ.

"தலைவர் வீட்லேர்ந்து அவரு சம்சாரத்தோட மெஷினை எடுத்துட்டுப் போறோம்! அவரு அடிச்சதுல அந்தப் பொண்ணுக்கு ஒரு காது கேக்கலை!"

முன்வரிசை நின்றது, பின்வரிசை தெரியாமல் வந்து அதன் முதுகில் முட்டியது. கோஷம் பாதியில் அறுந்தது. யாரோ "குடும்ப விஷயத்தை ரோட்ல வச்சு..." என்று முனகினார்கள். யாரோ கால் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குச் செருப்பு அவ்வளவு சுவாரசியமாகத் தெரிந்தது என்பதைக் கண்ணாடி கவனித்தார். அவர்களில் சிலருடைய வீட்டுப் பெண்களின் கண்ணாடியையும் அவர்தான் நிமிர்த்தியிருந்தார்.

ரொட்டிக் கடைக்காரர் பேனர் கம்பைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். வந்து மெஷினின் இரும்புக் காலைப் பிடித்தார்.

"என்ன கனம்! ரெண்டு பேரா தூக்கறது இதை? கொஞ்சம் தள்ளிக்கோம்மா," என்றார் பாப்பாவிடம். அவளுடைய கேட்காத காது அவர் பக்கம் இருந்தது. தெரிந்துகொண்டு, மறுபக்கம் சுற்றி வந்து, மறுபடி சொன்னார்: "தள்ளிக்கோம்மா, கால்ல படும்."

தபால்காரர் ஒரு மூலையைப் பிடித்தார். பெயர் தெரியாத இன்னொருவர் துணி மூட்டையை வாங்கிக்கொண்டார். மூன்றே பேர். மற்றவர்கள் மைதானத்துக்குப் போனார்கள். அங்கே உறுதிமொழி படிக்கப்பட்டதாகவும், தலைவரின் குரல் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை என்றும், ஒலிபெருக்கி வைத்த ஆளை எல்லோரும் திட்டினார்கள் என்றும் பிற்பாடு சேதி வந்தது.

அந்த வாரமே, டாக்டர் எழுதிய தாளோடு பாப்பா போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தாள். ஆறு கவரையும் கண்ணாடி கொண்டுபோய் மேஜையில் வைத்து, ஒவ்வொன்றும் எப்படி உடைந்திருக்கிறது என்று விளக்கினார். சாணையும் போய்ச் சாட்சி சொன்னார். காவல் நிலையத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் அந்தச் சாட்சியத்தைக் கேட்டார்கள். மைக்செட் ஒருநாள் கடைக்கு எதிரே வந்து நின்றார். அரைமணி நேரம் நின்றும் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடி வெளியே போய், "பாப்பா இன்னும் கூப்பிடலை மாப்ளே," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

கடையில் ஒரு மாற்றம். இடது கீல் வந்தால், சாணை மோட்டாரை நிறுத்துகிறார். கண்ணாடி ஸ்டூலை இழுத்துப் போடுகிறார். "உட்காருங்கம்மா. இது மேல உட்கார்ந்து உடைஞ்ச மாதிரி தெரியலையே," என்கிறார். சிலர் அழுகிறார்கள். சிலர், உங்க வேலையைப் பாருங்க என்று கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

இரண்டு மாசம் கழித்து ஒருநாள், தைத்த சீருடைகளைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டுத் திரும்புகிற வழியில், பாப்பா கடைக்குள் வந்தாள். முகத்திலிருந்த அந்த முறுக்கினாலும் நிமிர்கிற கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"இது எனக்கு வேணாம்ணா. வேற குடு."

"எது வேணும்?"

கடை அலமாரியின் மேல்தட்டில், முடி மாதிரி மெல்லிய பொன்னிறக் கம்பியில் ஒன்று இருந்தது. வாங்குகிறவர் இல்லாமல் அழகுக்கு வைத்திருந்தது. அதைக் காட்டினாள்.

"அதுவா? அது தும்மினாலே கோணிக்கும் பாப்பா."

"கோணட்டும். பார்க்க நல்லா இருக்கு. ரொம்ப நாளா இதுமேல ஒரு கண்ணு எனக்கு."

"அப்ப இதை என்ன பண்றது?" என்றார் அவர், பழைய ஃபிரேமைத் தூக்கி.

"எனக்குக் குடு!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. "நேத்துகூட என் கண்ணாடி மேல உட்கார்ந்துட்டேன்!" உலகத்தில் உண்மையாகவே கண்ணாடி மேல் உட்காருகிற ஒரே ஆள் சாணைதான்.

மோட்டார் ஓடி, லென்ஸ் வெட்டி முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. கண்ணாடி மெல்லிய கம்பியை மூச்சைப் பிடித்துக்கொண்டு தங்கையின் முகத்தில் மாட்டி, வலது காதுக்குப் பின்னால் வளைத்தார். பிறகு இடது காது. வீக்கம் இல்லை. அவள் தோளைக் குறுக்கவும் இல்லை.

"நல்லா இருக்கா?" என்றார் வாய்க்குள், தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற மாதிரி. உடனே, எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று உறைத்து, ஸ்டூலைச் சுற்றி வலது பக்கம் போகக் காலெடுத்தார்.

பாப்பா அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சுத்தி வராதே. அங்கேருந்தே இன்னொரு வாட்டி சொல்லு. லேசாக் கேக்குது."